ராண்டல் பார்க் மால் தியேட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாழடைந்த அமெரிக்க மால்களைப் படம்பிடித்துப் போடும் வீடியோக்களில் தவறாமல் தலைகாட்டுவது ஒகையோ மாநிலத்து ராண்டல் பார்க் மால். அதை ஒட்டி மேஜிக் ஜான்சன் பெயரில் ஒரு 12 திரை தியேட்டர் இருந்தது. 1999இல் திறந்தார்கள். 2009இல் மாலையே இழுத்துப் பூட்டினார்கள். பழைய தியேட்டர்களைப் பற்றி எழுதுகிறவன் என்பதால் வீடியோவைப் பார்த்தவர்கள் எனக்கு அனுப்புகிறார்கள், கூடவே சந்தேகங்களையும். பெரும்பாலும் ஒரே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே போட்டுவிட்டேன். சில பதில்கள் மேலே சொன்னதை நம்பி நிற்கின்றன, அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இந்த மால் எங்க இருக்கு? உலகத்துலயே பெருசுன்னு சொல்றது நிஜமா?

கிளீவ்லேண்ட் நகருக்குத் தென்கிழக்கே நார்த் ராண்டல் என்று ஒரு சிற்றூர். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன இடம். அங்கிருந்த ராண்டல் பார்க் பந்தய மைதானத்தின் மேல்தான் மால் எழுந்தது. கட்டியவர் யங்ஸ்டவுன்காரரான எட்வர்ட் டிபார்ட்டலோ. அந்தக் கால அமெரிக்காவில் அவரைவிட அதிகமாக மால் கட்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு பந்தய மைதானமான திசில்டவுனும் அவர் கையில்தான் இருந்தது.

1976 ஆகஸ்டில் மால் திறந்தது. 20 லட்சம் சதுர அடிக்கு மேல் பரப்பு, சியர்ஸ், ஜேசிபென்னி, ஹிக்பீஸ், மே கம்பெனி, ஹார்ன்ஸ் என்று ஐந்து பெரிய கடைகள். உலகின் மிகப் பெரிய மால் என்றுதான் விளம்பரம் செய்தார்கள், அந்த நேரத்துக்கு அது பொய்யும் இல்லை. ஊரில் குடியிருந்தவர்கள் சுமார் 1,500 பேர், மாலில் வேலை பார்த்தவர்கள் அதைப்போலப் பல மடங்கு. ஊராட்சியின் முத்திரையிலேயே இரண்டு ஷாப்பிங் பைகளை வரைந்துகொண்டார்கள் என்றால் பெருமிதம் எந்த அளவுக்குப் போயிருந்தது என்று பாருங்கள்.

மால்ல தியேட்டர் வைக்கறதே மல்டிபிளெக்ஸ் வந்த பிறகுதானே ஆரம்பிச்சது?

இல்லை, மால் தியேட்டர்தான் முன்னோடி. பாஸ்டனுக்கு மேற்கே ஃபிரேமிங்காமில் 1951இல் திறந்த ஷாப்பர்ஸ் வேர்ல்டு வணிக வளாகத்திலேயே ஒரு தியேட்டர் இருந்தது. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கும் டிரைவ்-இன் தியேட்டர்கள் நடத்திவந்த ஸ்மித் குடும்பம் அதை நடத்தியது. அந்தக் குடும்பத்தின் நிறுவனம்தான் 1964இல் ஜெனரல் சினிமா என்று பெயர் மாற்றிக்கொண்டு, நாடெங்கும் மால்களில் தியேட்டர் வைப்பதையே தொழிலாக்கிக்கொண்டது.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், படம் எடுக்கும் பெரிய ஸ்டூடியோக்கள் தியேட்டர்களைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்ற வழிக்கு வழக்கைக் கொண்டுபோய் நிறுத்தியது. நகர மையத்து மாளிகைத் தியேட்டர்கள் ஸ்டூடியோக்களின் கையைவிட்டுப் போயின. அவற்றை எடுத்துக்கொண்ட நிறுவனங்களுக்கும் புதிதாகத் தியேட்டர் சேர்ப்பதில் நீதிமன்றக் கட்டுப்பாடுகள் இருந்தன. ஸ்மித் குடும்பம் போன்றவர்களுக்கு அந்தத் தளை கிடையாது. ஜனங்கள் காரும் வீடும் வாங்கிப் புறநகருக்குக் குடிபோனார்கள், டிவி வேறு வந்து சேர்ந்தது. நகரத்துத் தியேட்டர் காலியாகிக்கொண்டிருந்தபோது இவர்கள் காலி நிலத்துக்குப் போனார்கள்.

இரண்டு திரை என்ற யோசனை மாலுக்குள் வந்ததற்கு 1963ஐச் சொல்வார்கள். கான்சஸ் சிட்டியின் வார்டு பார்க்வே மாலில் ஸ்டான்லி டர்வுட் பார்க்வே ட்வின் என்ற தியேட்டரைத் திறந்தார். இன்றைய ஏஎம்சி தியேட்டர் நிறுவனத்தை வளர்த்தவர் அவர்தான்.

அந்தக் காலத்து மால் தியேட்டர் உள்ள எப்படி இருக்கும்? இப்ப இருக்கற மாதிரி சொகுசா?

சொகுசெல்லாம் கிடையாது. சுவரில் சிற்பமோ மாடத்தில் வேலைப்பாடோ இல்லாத ஒரு பெட்டி. சமதளத்துக்குக் கொஞ்சம் சரிவு கொடுத்த தரை, முன்னால் உயரமானவர் உட்கார்ந்தால் உங்கள் பாடு திண்டாட்டம். ஒரே அரங்கை நடுவில் சுவர் வைத்து இரண்டாக்குவதும் நடந்தது. அந்தச் சுவரின் தடிமனைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. 1974இல் 'எர்த்குவேக்' படத்துக்காக சென்சரவுண்ட் என்று, இருக்கையே அதிரும்படி கனத்த ஒலி எழுப்பும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். பக்கத்து அரங்கில் அமைதியான படம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் நிலநடுக்கம் இலவசமாகக் கிடைத்தது.

இந்தப் பெட்டிகள் கட்டுப்படியானதற்கு ஆபரேட்டர் கேபினைத்தான் பார்க்க வேண்டும். முன்பெல்லாம் ஒரு ரீல் 2,000 அடி, சுமார் 20 நிமிடம் ஓடும். இரண்டு புரொஜெக்டர் வைத்து, ஒன்று முடியும் நொடியில் மற்றதுக்கு மாற்ற வேண்டும். வெளிச்சத்துக்காக எரியும் கார்பன் குச்சியை வேறு விடாமல் கவனிக்க வேண்டும். ஆபரேட்டர் அந்தண்டை இந்தண்டை நகர முடியாது. கார்பனுக்குப் பதில் செனான் விளக்கு வந்தது. எல்லா ரீல்களையும் ஒட்டி ஒரே சுருளாகப் படுக்கைவசத் தட்டில் சுற்றி ஓட்டும் பிளாட்டர் வந்தது. அதற்குப் பிறகு ஒரே ஆள் வரிசையாக நாலைந்து அரங்குகளை ஓட்ட முடிந்தது. திரைகள் பெருகியதன் பின்னணியில் ரசனை மாற்றத்தைவிட இந்தச் சம்பளக் கணக்குக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

மால்காரருக்குத் தியேட்டரால என்ன லாபம்? பெரிய வாடகை வருமோ?

வாடகை என்று பார்த்தால் தியேட்டர் மட்டமான குடித்தனக்காரர். நிறைய இடத்தை அடைத்துக்கொண்டு, சதுர அடிக்குச் செருப்புக்கடை கொடுப்பதைவிடக் குறைவாகக் கொடுக்கும். அதனால்தான் பல மால்களில் தியேட்டரை முக்கிய வழியில் வைக்காமல் பின்பக்கத்திலோ கீழ்த்தளத்திலோ பார்க்கிங்கின் ஓரத்திலோ ஒதுக்கினார்கள்.

ஆனால் கடை சாத்தும் நேரத்தில்தான் தியேட்டருக்குக் கூட்டம். பகலில் கடைக்கு வந்தவர்களின் கார்கள் கிளம்பிய பார்க்கிங்கை மாலையில் தியேட்டர் நிரப்பும். படத்துக்கு வந்தவர்கள் சீக்கிரம் வந்து சாப்பிடுவார்கள், பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெற்றோர் கடைகடையாக ஏறுவார்கள். மால்காரர் தியேட்டரைக் கூட்டம் சேர்க்கும் ஆளாகத்தான் வைத்திருந்தார். மால் நன்றாக இருக்கும்வரை இது இருவருக்கும் சௌகரியம்.

டிக்கெட் காசு முழுக்கத் தியேட்டருக்குத்தானே? அப்புறம் எப்படி நஷ்டம் வரும்?

பெரிய படம் என்றால் முதல் வாரங்களில், தியேட்டர் செலவுக்கென்று பேசிக்கொண்ட ஒரு தொகையைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் 90 சதவீதம் விநியோகஸ்தருக்குப் போகும் ஒப்பந்தங்கள் அங்கே சாதாரணம். வாரம் ஏற ஏறத் தியேட்டரின் பங்கு கூடும். ஆனால் 1975இல் 'ஜாஸ்' படத்தை டிவி விளம்பரத்தோடு ஒரே நாளில் 400க்கு மேற்பட்ட தியேட்டர்களில் இறக்கினார்கள். அது பலித்த பிறகு எல்லாரும் அதே வழியில் போனார்கள். முதல் வாரத்திலேயே கூட்டம் முழுதும் பார்த்து முடித்துவிட்டால், தியேட்டருக்கு நல்ல பங்கு வரும் வாரத்தில் அரங்கு காலி.

பிழைப்பு பாப்கார்னிலும் குளிர்பானத்திலும்தான். ஜெனரல் சினிமா இதைப் புரிந்துகொண்ட விதம் எனக்குப் பிடித்தது: பெப்சி பாட்டில் நிரப்பும் நிறுவனங்களையே வாங்கிப்போட்டார்கள். சன்கிஸ்ட் ஆரஞ்சு பானத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் அவர்கள்தான். பிறகு 1987இல் நீமன் மார்கஸ் என்ற ஆடம்பரக் கடைத்தொடர் அவர்கள் கைக்கு வந்தது. மாலில் ஓரமாக இடம் கேட்டு நின்றவர்கள் மாலின் ராஜா கடைக்கே முதலாளி ஆனார்கள். தியேட்டர் பிரிவைத் தனியாகக் கழற்றி 1993இல் விட்டுவிட்டார்கள். அது என்ன ஆனது என்பது கீழே வருகிறது.

1999ல புதுசா தியேட்டர் கட்ட வேண்டிய அவசியம் என்ன? மாலுக்குள்ள ஏற்கெனவே ஒண்ணு இருந்ததாமே?

இருந்தது, பழைய பாணியில் ஒரு சிறிய தியேட்டர். அதைப் போன்றவை எல்லாவற்றையும் ஒரே அடியில் கிழடாக்கியது டல்லஸில் 1995இல் ஏஎம்சி திறந்த கிராண்ட் 24. 24 திரைகள், படிக்கட்டு போல உயர்ந்துபோகும் இருக்கைகள். முன்னால் இருப்பவரின் தலை மறைக்காத இருக்கையில் ஒருமுறை உட்கார்ந்தவர் பழைய சரிவுத் தரைக்குத் திரும்ப மாட்டார். போட்டி நிறுவனங்களுக்கு இரண்டே வழி: தானும் கட்டுவது, அல்லது அடுத்தவன் தன் பக்கத்தில் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது.

எல்லாரும் கட்டினார்கள். 1990இல் அமெரிக்காவில் சுமார் 24,000 திரைகள், 1999இல் சுமார் 37,000. பார்க்கிற ஜனம் அந்த அளவில் கூடவில்லை.

மேஜிக் ஜான்சன்னா அந்த பாஸ்கெட்பால் ஆட்டக்காரரா? பேரை மட்டும் குடுத்தாரா?

அவரேதான். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் நட்சத்திரம், 1991 நவம்பரில் தனக்கு எச்ஐவி இருப்பதை அறிவித்து ஓய்வு பெற்றவர். பெயரை மட்டும் கொடுக்கவில்லை, பங்குதாரர். கூட்டின் மறுபக்கம் சோனியின் கையிலிருந்த தியேட்டர் பிரிவு. அதுவே 1998இல் சினிப்ளெக்ஸ் ஓடியன் என்ற தியேட்டர் நிறுவனத்துடன் இணைந்து லோஸ் சினிப்ளெக்ஸ் ஆனது. முதல் தியேட்டர் 1995இல் லாஸ் ஏஞ்சலஸின் பால்ட்வின் ஹில்ஸ் கிரென்ஷா மாலில் திறந்தது. அந்த நகரத்தில் 1992இல் நடந்த கலவரம் முடிந்து மூன்றே ஆண்டு. கறுப்பின மக்கள் பெருவாரியாக வாழும் பகுதியில் நல்ல தியேட்டர் கட்டப் பெரிய நிறுவனங்கள் முன்வராத காலம். அட்லாண்டா, ஹூஸ்டன், கிளீவ்லேண்ட், நியூயார்க் ஹார்லம் என்று வரிசையாகத் திறந்தார்கள். ராண்டல் பார்க் அந்த வரிசையில் கிளீவ்லேண்டுக்கு வந்தது.

ஜான்சன் மேடைகளில் சொல்லும் ஹாட் டாக் கதை ஒன்று உண்டு. மற்ற தியேட்டர்களின் கணக்குப்படி கூட்டாளிகள் ஹாட் டாக் வாங்கி வைத்தார்களாம், கிரென்ஷாவில் அது எடுத்த எடுப்பிலேயே தீர்ந்துபோனது. வெளியே போய்ச் சாப்பிட நல்ல உணவகங்கள் அந்தப் பகுதியில் அதிகம் இல்லை, படத்தையும் இரவுச் சாப்பாட்டையும் ஜனங்கள் ஒரே இடத்தில் முடித்துக்கொள்கிறார்கள் என்று அவர் விளக்க வேண்டியிருந்தது. மேலே பாப்கார்னைப் பற்றிச் சொன்னதோடு சேர்த்துப் பார்த்தால், இந்தத் தியேட்டர்களில் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கூட்டம் வரலைன்னுதானே மூடினாங்க? இதுல என்ன பெரிய மர்மம்?

மர்மம் இல்லை, ஆனால் காரணம் நீங்கள் நினைப்பதும் இல்லை. 37,000 திரைகள் என்று சொன்னேனே, அவற்றைக் கடன் வாங்கித்தான் கட்டினார்கள். 2000இல் கார்மைக், எட்வர்ட்ஸ், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ், ஜெனரல் சினிமா என்று தியேட்டர் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகத் திவால் மனு போட்டார்கள். 2001 பிப்ரவரியில் லோஸ் சினிப்ளெக்ஸும் போட்டது. ராண்டல் பார்க் தியேட்டர் திறந்து இரண்டு வருடம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம், அதற்குள் நடத்தும் கூட்டாளி நீதிமன்றத்தில் நிற்கிறார். ஜெனரல் சினிமாவை 2002இல் ஏஎம்சி விழுங்கியது. அதே ஏஎம்சியோடு லோஸ் 2006இல் இணைந்தது.

அமெரிக்கத் திவால் சட்டத்தின் 11ஆம் அத்தியாயத்தில் ஒரு வசதி உண்டு. மறுசீரமைப்பில் இருக்கும் நிறுவனம், தனக்குச் சுமையான வாடகை ஒப்பந்தங்களை நீதிமன்ற ஒப்புதலோடு உதறிவிடலாம். மற்ற நேரத்தில் 20 வருடக் குத்தகையிலிருந்து தப்பிக்கவே முடியாது. அதனால் அந்தக் காலத்தில் ஒரு தியேட்டர் மூடியது என்றால் அதில் கூட்டம் இல்லை என்று அர்த்தம் எடுக்கக் கூடாது. குத்தகை விலை அதிகம், அல்லது மூன்று மைலில் அதே நிறுவனத்துக்கு இன்னொரு தியேட்டர் இருக்கிறது, அவ்வளவே.

மாலின் பக்கமும் அதே நேரத்தில் சரிந்தது. ஜேசிபென்னி 2001இல் கிளம்பியது. ஹிக்பீஸாக இருந்து டில்லார்ட்ஸ் ஆன கடை 2002இல் கிளம்பியது. மால் திறந்தபோது இருந்த ஐந்தில் கடைசியாக சியர்ஸ் 2009இல்.

கறுப்பின மக்கள் பகுதி, குற்றம் ஜாஸ்தி, அதனாலதான் செத்துச்சுன்னு வீடியோல சொல்றாங்களே?

இந்தக் கேள்விக்கு நான் பொறுமையாகப் பதில் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். வருடங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். ராண்டல் பார்க் திறந்து இரண்டே வருடத்தில், 1978இல், சில மைல் தள்ளி வசதியானவர்கள் வாழும் பகுதியில் பீச்வுட் பிளேஸ் மால் திறந்தது. கிளீவ்லேண்ட் நகரத்தின் மக்கள்தொகை 1950இல் 9,14,808. 2000இல் 4,78,403. சுற்றுப்புறப் பகுதிகளைச் சேர்த்தாலும் 1970க்குப் பிறகு ஜனம் பெருகவில்லை. பெருகாத ஜனத்துக்கு மால் மேல் மால் கட்டினால் ஏதோ ஒன்று சாகத்தான் வேண்டும். எது சாகும் என்பதை முடிவு செய்தது யார் எங்கே முதலீட்டை நிறுத்தினார்கள் என்பதுதான். பணக்காரப் பகுதி மாலுக்குப் புதுத் தரை போட்டார்கள், இங்கே போடவில்லை. நிறம் அந்த முடிவில் இருந்தது, ஆனால் வீடியோக்காரர் சொல்லும் திசையில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஆக்ரனில் இருந்த ரோலிங் ஏக்கர்ஸ், யூக்ளிடில் இருந்த யூக்ளிட் ஸ்கொயர் என்று அதே வட்டாரத்து மால்கள் அதே காலத்தில்தான் சாய்ந்தன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வில்லன் தேட வேண்டியதில்லை.

ஜனமே குறையற ஊர்ல அவ்வளவு பெரிய மால் ஏன் கட்டினாங்க? கணக்குத் தெரியாதா?

கணக்குத் தெரிந்ததால்தான் கட்டினார்கள். 1954இல் அமெரிக்க வரிச் சட்டத்தில் ஒரு மாற்றம் செய்தார்கள். புதிதாகக் கட்டிய வணிகக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில வருடங்களிலேயே பெருமளவு கழித்துக்கொள்ளலாம் என்று ஆனது. காகிதத்தில் கட்டடம் நஷ்டம் காட்டும், கையில் வாடகை வரும், வரி குறையும். இருப்பதைப் பராமரிப்பதைவிடப் புதிதாகக் கட்டுவதே லாபம். 1986 வரிச் சீர்திருத்தம் இதைப் பெரும்பாலும் முடித்துவைத்தது, அதற்குள் மால்கள் எழுந்தாகிவிட்டது. டிபார்ட்டலோ 1994இல் காலமானார். அவருடைய மால் நிறுவனம் 1996இல் இன்னொரு மால் நிறுவனமான சைமன் குழுமத்தோடு சேர்ந்தது. பெரிய பட்டியலில் ஒரு வரியாகிப்போன மாலுக்கு யார் கவலைப்படுவார்கள்?

மால் போனா போகட்டும், தியேட்டர் மட்டும் தனியா ஓடியிருக்கலாமே?

முயன்றார்கள். மேஜிக் ஜான்சன் பெயர் போன பிறகு வேறு கையில் வேறு பெயரில் கொஞ்ச காலம் ஓடியது. ஆனால் பார்க்கிங் இடமும் அதன் விளக்குகளும் பனி அள்ளும் செலவும் மாலோடு பிணைந்தவை. ஒகையோவில் பனிக்காலம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மாலால் கூட்டம் வரும் என்ற கணக்கில் போட்ட குத்தகை, மால் இருட்டான பிறகு ஒருபக்கச் சுமைதான். கட்டடத்தை வேறு எதற்காவது மாற்றலாம் என்றாலும், ஜன்னல் இல்லாத அறைகளும் படிபடியாக எழுப்பிய தளமும் கடைக்கோ அலுவலகத்துக்கோ உதவாது. அந்தப் படிகளை உடைத்துச் சமன் செய்வதைவிட முழுக்க இடிப்பதே மலிவு.

அப்படின்னா மேஜிக் ஜான்சன் தியேட்டர் எல்லாமே அல்பாயுசுதானா?

இல்லை. அட்லாண்டாவின் கிரீன்பிரையர் மாலில் 1996இல் திறந்தது 2009இல் மூடியது. கிரென்ஷா 2010இல் மூடியது, ஆனால் வேறு நிறுவனம் எடுத்து மறுபடி திறந்தது. ஹார்லம் தியேட்டர் 2000இல் திறந்து, ஏஎம்சியின் கீழ் அவர் பெயரோடு நீடித்தது. அது ஒரு மாலின் கூட்டத்தை நம்பி இல்லாமல் ஹார்லமின் முக்கிய வீதியான 125ஆம் தெருவை நம்பி இருந்தது என்பதைக் கவனியுங்கள். எல்லாரையும் கிழடாக்கிய டல்லஸ் கிராண்ட் 24ஐயும் ஏஎம்சி 15 வருடத்தில், 2010இல் கைவிட்டது.

இந்த மாதிரி மால் தியேட்டர்ல தமிழ்ப் படம் ஓடியிருக்கா?

ராண்டல் பார்க்கைப் பற்றிக் கேட்டால், இந்தக் கதையில் தமிழ்ப் படத்துக்கு இடமில்லை. கனடாவில் நிலைமை வேறு. டொரண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் உட்சைடு ஸ்கொயர் என்ற சாதாரணமான அக்கம்பக்கத்து மால், அதில் ஒரு சின்னத் தியேட்டர். பெரிய நிறுவனங்களுக்கு வேண்டாத அளவு. ஈழத்துத் தமிழர்கள் பெருவாரியாகக் குடியேறிய அந்த வட்டாரத்தில் தமிழ்ப் படங்களுக்கு அது முக்கியமான இடமானது. படிக்கட்டு இருக்கை இல்லாவிட்டால் என்ன, ஊர்ப் படம் வந்தால் போதும் என்று வரும் கூட்டம் அதற்கு இருந்தது. கிராண்ட் 24 வகைத் தியேட்டர்கள் வந்து காலியாக்கிப்போன சிறு தியேட்டர்கள்தான் பல ஊர்களில் இந்தியப் படங்களுக்குக் கைக்கெட்டும் விலையில் கிடைத்தன.

இப்ப அங்க என்ன இருக்கு? கிளீவ்லேண்ட் வர்றேன், போய்ப் பார்க்கலாமா?

அமேசான் கிடங்கு இருக்கிறது. மால் கட்டடத்தை 2014 கடைசியில் இடிக்க ஆரம்பித்தார்கள், கிடங்கு 2018இல் திறந்தது. ரோலிங் ஏக்கர்ஸ், யூக்ளிட் ஸ்கொயர் இரண்டின் இடத்திலும் இப்போது அமேசான்தான். திசில்டவுனில் குதிரைகள் இன்னும் ஓடுகின்றன, கூடவே சூதாட்ட இயந்திரங்களும் சேர்ந்துகொண்டன. தியேட்டருக்காக மட்டும் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

அதற்குப் பதில் ஒன்று செய்யலாம். தியாகராஜ ஆராதனை பல ஆண்டுகளாக நடந்துவந்த கிளீவ்லேண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் நூலகத்தில், 1982இல் நின்றுபோன 'கிளீவ்லேண்ட் பிரஸ்' நாளிதழின் சேகரம் இருக்கிறது. மால் திறந்த 1976 அந்தக் காலத்துக்குள் வருகிறது. செய்திப் பக்கத்தைவிட சினிமா விளம்பரப் பக்கத்தைப் பாருங்கள். எந்தத் தியேட்டரில் முதல் ஓட்டம், எதில் பழைய படம், எது எந்த வாரத்தோடு பட்டியலிலிருந்து காணாமல் போனது என்பதெல்லாம் அங்கே தேதியோடு இருக்கும். 1999க்குப் பிறகானதற்கு அந்த ஊரின் இன்னொரு நாளிதழான 'பிளெய்ன் டீலர்' இதழைப் புரட்ட வேண்டும்.